சாந்தப் பெட்டி

சடையப்பனின் லாரிக் கூரையில் ஓட்டை போட ஒருத்தன் கிளம்பி வருகிறான் என்றால், ஒன்று அவனுக்கு உயிர் மேல் ஆசை இருக்கக் கூடாது, இல்லை வேறு பிழைப்பு இருக்கக் கூடாது. வந்தவன் இளமாறன். இரண்டுமே அவனுக்குப் பொருந்தும் என்று அடிவாரத்து லாரிப்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் கையில் டம்ளரோடு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

இளமாறன் தோளில் ஒரு சுருள் கறுப்பு ஒயர், ஒரு கையில் துளை போடும் மிஷின், மறு கையில் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி. ஏணியைச் சாய்த்து ஒரு காலை வைத்திருந்தான். சடையப்பன் ஜாக்கி லிவரை எடுத்துக்கொண்டு வந்தான்.

"இறங்குங்க ரேடியோக்காரரே. மரியாதையாச் சொல்றேன்."

மரியாதையாகச் சொன்னான் பாருங்கள், அதுதான் விஷயமே. வெண்ணங்காட்டு மலையில் சடையப்பன் யாருக்கும் மரியாதை கொடுத்ததில்லை. சாமி கும்பிடும்போதே "கண்ணைத் தொறந்து பாருடா" என்று ஆரம்பிக்கிற ஆள். அவன் 'பரதேசி' என்றால் பிரியம், 'எருமை' என்றால் ரொம்ப நாள் பழக்கம், 'மூதேவி' என்றால் சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடப்போகிறான் என்று அர்த்தம். அந்த வாய் 'வாங்க, போங்க' என்று பேசுகிற ஒரே ஆள் இளமாறன். அது பகை. ஆறு வருஷத்துப் பகை.

இளமாறன் வேறு யாருமில்லை, சடையப்பனின் தங்கச்சி பவளத்தின் புருஷன். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். தங்கச்சியை இவனுக்குத்தான் கொடுப்பேன் என்று வீட்டில் சண்டை போட்டுக் கட்டிவைத்தவனே சடையப்பன்தான். கல்யாணத்துக்கு அப்புறம் வாய்க்கு வாய் "மாப்ளே, மாப்ளே". மலையில் எந்த வளைவில் நின்றாலும் அந்தச் சத்தம் கேட்கும் என்பார்கள்.

சூரியப் புயல் அடித்து வானத்தில் இருந்த செயற்கைக்கோளெல்லாம் கருகிப்போன வருஷத்திலிருந்து மலையில் போன் செத்துவிட்டது. கீழே ஊர்களில் எப்படியோ கம்பி இழுத்துச் சமாளித்துக்கொண்டார்கள். மலைக்குக் கம்பி வரவில்லை, ரேடியோதான். மேலே அதை ரிப்பேர் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் இளமாறன். பவளம் இரண்டாவது பிள்ளைக்கு முழுகாமல் இருந்தபோது ஒரு நாள் திடீரென்று ரத்தப்போக்கு. ஆம்புலன்ஸ் அடிவாரத்தில் இருந்தது. மேலே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. சடையப்பன் அன்று லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். திரும்பி வந்து, ஏன்டா சீக்கிரம் கூப்பிடலை என்று சட்டையைப் பிடித்துக் கேட்டதற்கு இளமாறன் சொன்னது ஒரே பதில்தான். கடை ரேடியோவைக் கழற்றிப் போட்டிருந்தேன், மாட்டிக் கூப்பிடுவதற்குள் நேரமாகிவிட்டது.

ஊர் ரேடியோவையெல்லாம் சரி பண்ணுகிறவன் தன் பெண்டாட்டிக்கு அவசரம் என்கிறபோது தன் ரேடியோவைக் கழற்றிப் போட்டிருந்தான். சுடுகாட்டில் வைத்து சடையப்பன், "நீங்க கிளம்புங்க ரேடியோக்காரரே, நாங்க பார்த்துக்கறோம்" என்றான். அன்றிலிருந்து 'மாப்ளே' என்று அவன் யாரையும் கூப்பிடுவதில்லை. விளையாட்டுக்குக்கூட வாயில் வராது. லாரி நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'பவளம்' என்று எழுதி வைத்துக்கொண்டான். அதற்கு மேல்தான் இன்றைக்கு ஓட்டை.

"கம்பெனி உத்தரவுங்க," என்றான் இளமாறன். அவன் குரல் எப்போதுமே அப்படித்தான். வீட்டில் பாம்பு வந்தாலும் "பாம்பு வந்திருக்குங்க" என்று சொல்கிற குரல். "பெட்டி மாட்டாத வண்டிக்கு லோடு கிடையாதுன்னு சுகிர்தா மேடம் சொல்லிட்டாங்க."

சுகிர்தா மலையில் மரம் வெட்டி இறக்குகிற கம்பெனிக்கு மேனேஜர். போன வருஷம் ரெண்டு டிரைவர்கள் வாக்கி டாக்கியில் ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டே மலை இறங்கினார்கள். கீழே வந்து சேர்ந்ததும் ஒருத்தன் அரிவாளை எடுத்துவிட்டான். கம்பெனி அத்தனை பேருடைய வாக்கி டாக்கியையும் பிடுங்கிக்கொண்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தச் சாந்தப் பெட்டி.

அப்படி என்னத்தை வைத்திருக்கிறாய் அதற்குள் என்று கூட்டத்தில் பொன்ராசு கேட்டான். சடையப்பனின் சேக்காளி, அடுத்த லாரிக்காரன். இளமாறன் விளக்கமெல்லாம் சொல்லவில்லை. பெட்டிக்குப் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து, மைக்கை சடையப்பனிடம் நீட்டினான். தள்ளி நின்ற தன் ஜீப்பில் இன்னொரு பெட்டி இருக்கிறது, பட்டனை அழுத்திக்கொண்டு என்னைத் திட்டுங்க என்றான்.

சடையப்பன் இதற்காகத்தானே ஆறு வருஷமாகக் காத்திருந்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவன் இளமாறனைத் திட்டவில்லை. திட்டுவது சொந்தக்காரனுக்குத் தருகிற உரிமை என்பது அவன் கணக்கு. பொன்ராசைப் பார்த்துத் திரும்பி, பரதேசி நாயே, டீயை உறிஞ்சிட்டு வேடிக்கையாடா பார்க்கிற, வண்டியை எடுடா எருமை என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினான்.

ஜீப்பிலிருந்து அவன் குரலே கேட்டது. அவன் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் காய்ச்சல் விட்டு எழுந்தவன் பேசுகிற மாதிரி சாதுவாக, "நண்பரே, தேநீர் அருந்திவிட்டீர்களா? தங்கள் வாகனத்தை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்றது.

பேட்டையே விழுந்து விழுந்து சிரித்தது. சடையப்பன் சிரிக்கவில்லை. மைக்கைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"வளைவுல ஜனங்க சாவாங்க," என்றான். "மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி. இறங்குறவன் நிக்கணும். லோடு வெச்சுக்கிட்டு நிக்கச் சோம்பல்பட்டு இறங்குறவன் ஒவ்வொருத்தனும் என்ன சொல்றான்? பிரேக் பிடிக்கலை, ஒதுங்குன்னு சொல்றான். நான் சொல்றேன், இந்த நாய் பொன்ராசு சொல்றான், தினம் சொல்றோம். எவனாவது நம்புறானா? யாரும் நம்புறதில்லை. அப்புறம் நெசமாப் பிரேக் போனா எப்படித் தெரியும்? திட்டுறதை வெச்சுத்தான் தெரியும். சும்மா ஒரு நாயே போட்டா ஒதுங்கலாம், ஒதுங்காமலும் போகலாம். அம்மா, அக்கா, ஏழு தலைமுறையும் வந்துட்டா, குரல் கிழிஞ்சுட்டா, வண்டியைச் சுவரோட ஒட்டணும். அது எங்களுக்கு பிரேக் லைட்டுங்க. அதைப் பிடுங்கிட்டு நண்பரேங்கறீங்க."

கூட்டத்தில் சிரிப்பு நின்றது. அவன் சொன்னது வேதவாக்கு. அந்த ரோட்டில் 'பிரேக் பிடிக்கலை' என்பது 'சாப்ட்டியா' என்று கேட்கிற மாதிரி, பதில்கூட யாரும் சொல்ல மாட்டார்கள்.

 இளமாறன் ஏணியைப் பிடித்தபடி, யாரும் அவனிடம் கேட்டறியாத ஒரு வேகத்தோடு பேசினான்.

"எல்லாரும் ஒரே மாதிரிப் பேசினா, குரலை யாரும் எடை போட மாட்டாங்க. சொல்ற சேதியைத்தான் கேப்பாங்க. கத்துறவனுக்குத்தான் அவசரம், மெதுவாச் சொல்றவனுக்கு அவசரமில்லைங்கற நெனப்பு போகணும். அதுக்குத்தாங்க இது. நான்தான் மேடத்துக்கிட்ட கேட்டேன்."

இதைக் கேட்டதும் சடையப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கம்பெனி திணித்தது என்று நினைத்தால், கேட்டு வாங்கி வந்தவனே இவன்தான். ஏற்கெனவே ஒரு ரேடியோவால் ஒரு உயிர் போயிருக்கிறது, அடுத்தது யாருக்கு என்று கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை. லோடு இல்லாமல் எத்தனை நாள் வண்டியை நிறுத்தி வைக்க முடியும்? லிவரை மண்ணில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான்.

இளமாறன் கூரையின் நட்ட நடுவில் அளந்து பெயின்ட்டைச் சுரண்டினான். தகரம் வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் சுரண்ட வேண்டும், பெயின்ட் மேலேயே வைத்தால் ஆண்டெனா வேலை செய்யாது. துளை போட்டு, ஒயரைக் கதவோரமாக இறக்கி, பேட்டரியில் ஃபியூஸ் வைத்துக் கட்டி, பெட்டியை டாஷ்போர்டுக்கு அடியில் நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினான். சுத்தமான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியில் ஒரு சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. இறங்கும்போது 'பவளம்' என்ற எழுத்தின் மேல் உதிர்ந்து கிடந்த இரும்புத் தூளைச் சட்டைக் கையால் துடைத்தான். சடையப்பன் அதைப் பார்த்தான். பார்த்து இன்னும் அதிகமாகக் கொதித்தான்.

அதற்கப்புறம் மலையில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை நின்றுபோனது, அதுதான் வந்த வினை. ரேடியோவில் யாரும் யாரையும் திட்டவில்லை. "தாங்கள் முன்னே செல்லலாம்." "மிக்க நன்றி." காலையிலிருந்து சாயங்காலம் வரை கல்யாணப் பத்திரிகை வாசிப்பது மாதிரி இருந்தது. பெட்டிதான் இப்படிப் பேசுகிறது என்று மண்டைக்குத் தெரியும், காதுக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் பரதேசி என்று கூப்பிட்டவன் திடீரென்று 'நண்பரே' என்றால், நாம் என்ன தப்புச் செய்தோம் என்றுதானே மனசு தேடும். பொன்ராசு ரெண்டு நாள் சடையப்பனிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அந்த மலையில் மரியாதை என்பது உறவு அறுந்தவனுக்குக் கொடுப்பது. இப்போது எல்லோரும் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லாரிப்பேட்டையில் ஆளுக்கொரு மூலையில் டீ குடித்தார்கள்.

பொன்ராசின் அப்பா மலை உச்சியில் மேலூரில் இறந்த அன்று அவன் ரேடியோவில் அழுதிருக்கிறான். பெட்டி அதை, "என் தந்தை காலமானார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று அனுப்பியது. லோடு இறக்கிவிட்டுப் போய்க்கொள்ளலாம் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். பாடையைத் தூக்க நாலு பேருக்கு ஆள் தேடும்படி ஆயிற்று. சடையப்பனும் போகவில்லை. அதற்காகப் பொன்ராசு அவனை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "பரவாயில்லைங்க" என்றான். பெட்டியில் இல்லை, நேரிலேயே.

சுகிர்தாவுக்கோ ஏகப்பட்ட சந்தோஷம். பெட்டி வந்த நாளிலிருந்து மலையில் ஒரு கைகலப்புகூட இல்லை என்று டவுனில் இருக்கும் பெரிய ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினாள்.

மழை விட்டு மூடுபனி இறங்கிய ஒரு சாயங்காலம் சடையப்பன் மர லோடோடு இறங்கிக்கொண்டிருந்தான். பாதி மலையில் பிரேக் சூடேறி நாற ஆரம்பித்தது. கியரைக் குறைத்துப் பிடித்துப் பார்த்தான். கியர் பல்லில் விழாமல் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தான், அது பாட்டுக்கு அடி வரைக்கும் போயிற்று. முதுகுக்குப் பின்னால் அத்தனை டன் மரமும் அவனைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டது.

அதே நேரம் ரேடியோவில் இளமாறனின் குரல் வந்தது. பெட்டி ஒன்றும் மாற்ற வேண்டியிருக்காத குரல். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஏழாவது வளைவில் ஏறிக்கொண்டிருக்கிறேன், இறங்குகிறவர்கள் நின்று வழி விடவும் என்றான்.

இளமாறன் கம்பெனி ஜீப்பில் ரிப்பேர் வேலைக்குப் போய்த் திரும்பும்போது மேலூர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவான். அதில் ஆதிரையும் உண்டு. பவளத்தின் மகள். அப்பனோடு பேச்சில்லை என்பதால் சடையப்பன் அந்தப் பிள்ளையிடமும் பேசியதில்லை. திருவிழாவில் தூரத்தில் நின்று பார்ப்பான். சிரிக்கும்போது பவளத்துக்கு விழுகிற அதே கன்னக்குழி. ஒவ்வொரு தரமும் ஒரு பலூனோ பொம்மையோ வாங்கி, கொடுக்காமல் லாரி சீட்டுக்கு அடியில் போட்டு வைப்பான். அங்கே அது ஒரு சாக்கு நிறையக் கிடக்கிறது.

மைக்கைப் பிடுங்கினான். திட்டினான். அம்மா, அக்கா, ஏழு தலைமுறை, அதற்கு மேலும் போனான். பிரேக் போச்சுடா, சுவரோட ஒட்டுடா, பிள்ளைங்க இருக்குடா என்று தொண்டை கிழியக் கத்தினான். பட்டனை விட்டதும் பதில் வந்தது.

"தங்கள் செய்தி கிடைத்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரும்தான் சொல்கிறீர்கள். ஏறுபவருக்கே வழி. தயவுசெய்து நில்லுங்கள்."

கீழே என்ன கேட்டிருக்கும் என்று சடையப்பனுக்குத் தெரிந்துபோயிற்று. தன் குரல், காய்ச்சல்காரன் குரல், "பிரேக் பிடிக்கவில்லை, ஒதுங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன், நண்பரே." தினமும் கேட்கிற பொய். இளமாறனாக இருந்தால் அவனும் ஒதுங்கியிருக்க மாட்டான்.

ஒன்பதாவது வளைவில் லாரி ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கித் திரும்பியது. இன்னும் ஒரு வளைவுதான். கத்தினால் பெட்டி தின்றுவிடும். அழுதாலும் தின்றுவிடும். எதைத் தின்னாது? யோசிக்க அவனுக்கு நேரமில்லை, ஆனால் ஆறு வருஷமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான், அது தானாகவே மேலே வந்தது.

பட்டனை அழுத்தினான். மெதுவாகத்தான் சொன்னான், கத்தவே இல்லை.

"மாப்ளே."

ரேடியோவில் பதில் வரவில்லை. எட்டாவது வளைவைத் திரும்பியபோது பனிக்குள் ஜீப்பின் விளக்கு தெரிந்தது. அது ரோட்டில் இல்லை. மலையைக் குடைந்து ஓடைத் தண்ணீர் விழுகிற பொந்துக்குள் மூக்கை நுழைத்து, பாறையோடு பாறையாக ஒட்டி நின்றது. லாரி அதன் பின் கதவை உரசி, கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. அடுத்த வளைவில் சடையப்பன் ஸ்டியரிங்கை மண்மேட்டுப் பக்கம் ஒடித்தான். வண்டி ஏறிச் சாய்ந்தது. மரங்கள் கயிறு அறுந்து பள்ளத்தில் உருண்டன. அவன் வலது கால் எலும்பு ரெண்டு துண்டாயிற்று.

ஓடி வந்த இளமாறன் கதவை நெம்பித் திறந்தான்.  பிள்ளைங்க என்று சடையப்பன் கேட்டான். ஒரு கீறல்கூட இல்லை என்றான் இளமாறன். ரெண்டு பேரும் அவ்வளவுதான் பேசினார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது, "காலைப் பார்த்துப் பிடிங்க ரேடியோக்காரரே" என்று சடையப்பன் பழையபடி ஆரம்பித்துவிட்டான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உறவு ஒட்டிவிடுமா என்ன.

சுகிர்தா ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தாள். கெட்டிக்காரி, கெட்டவள் இல்லை, ஆனால் அவளுக்கு மலை மேலே இருந்து கேட்கிறதெல்லாம் பெட்டி சொல்வதுதான். விபத்து நேரத்தில்கூட ரெண்டு பேரும் எவ்வளவு கண்ணியமாகப் பேசிக்கொண்டார்கள் என்று பெரிய ஆபீசில் பதிவைப் போட்டுக் கேட்டு அசந்துபோனார்களாம். ஒரே ஒரு விஷயம்தான் அவர்களை உறுத்தியதாம். அந்தக் கடைசி வார்த்தை. அதைக் கேட்டதும் ஜீப் டிரைவர் விதியை மீறிப் பாறையில் மோதியிருக்கிறார். உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது பதற்றத்தைக் கிளப்புகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மாப்ளே, அண்ணே, மாமா எதுவும் இனிமேல் போகாது. எல்லாப் பெட்டிக்கும் திருத்தம் வருகிறது.

சடையப்பன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். திட்டக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

லாரியை நிமிர்த்திச் சரி பண்ணிப் பேட்டைக்குக் கொண்டுவந்த மறுநாள், மாவுக்கட்டோடு கட்டில் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இளமாறன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். எதற்கு வந்திருக்கிறான் என்று கேட்க வேண்டியதில்லை, கம்பெனி சொன்ன திருத்தம்தான். மத்த டிரைவர்களெல்லாம் லோடோடு மலையில் இருந்தார்கள்.

"தொட்டீங்க, கையை ஒடிப்பேன்," என்றான் சடையப்பன்.

இளமாறன் காதில் வாங்கவில்லை. காலை மடக்கி டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்தே பேசினான்.

"அன்னிக்கு ரேடியோ கழட்டிப் போட்டிருக்கலை."

சடையப்பனுக்கு முதலில் புரியவில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு. ரத்தம் பார்த்ததுமே கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் ஆபீஸ்ல எடுத்தாங்க. சம்சாரத்துக்கு உடம்பு முடியலைங்க, கொஞ்சம் வண்டி வேணுங்கன்னேன். எனக்கு அப்படித்தான் பேச வரும். சரிங்க, வர்றோம்னாங்க. ரெண்டாவது தரமும் அப்படியேதான் கேட்டேன். அவங்க சாப்பிட்டுட்டு வந்திருக்காங்க. வந்தவன் சொல்றான், என்ன சார், அவசரம்னு சொல்லவே இல்லையே நீங்கன்னு." இன்னொரு ஸ்க்ரூ கழன்று விழுந்தது. "அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது. மெஷின் கெட்டுப்போச்சுன்னா மெஷினைத் திட்டுவீங்க. மத்தவங்க கத்தறதை நிறுத்திட்டா என்னைப் போல ஆளுங்களுக்கும் உடனே வருவாங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் இந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கினேன்."

 சடையப்பன் ஆறு வருஷம் வளர்த்த கோபம் ஒரு இடத்திலிருந்து எழுந்து இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்தது. குறையவில்லை. இன்னும் கூடித்தான் போயிற்று. கத்தத் தெரியாத ஒருத்தனுக்குத் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது யார்?

இளமாறன் வெளியே வந்தான். கை முழுக்க கிரீஸ். ஒரே ஒரு ஒயரை மாற்றிக் கட்டியிருப்பதாகச் சொன்னான். மைக்கில் பேசுவது இனிமேல் சாந்தப் பெட்டிக்குள் போகாது, சுற்றிக்கொண்டு நேராக ரேடியோவுக்குப் போய்விடும். விளக்கு மட்டும் பச்சையாகவே எரியும். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும். ஒவ்வொரு வண்டிக்கும் இதையே செய்யப்போகிறேன், முதலில் இந்த வண்டி என்றான். அப்புறம் மைக்கை நீட்டி, சோதிச்சுப் பாருங்க என்றான்.

சடையப்பன் மைக்கை வாங்கவில்லை.

"நீ பேசுடா," என்றான். வாங்க போங்க எங்கே போயிற்று என்று அவனே கவனிக்கவில்லை. "நாளைக்கு ஆதிரைக்கு ஒண்ணுன்னா இப்படித்தான் கொஞ்சம் வண்டி வேணுங்கன்னு நிப்பியா? கத்துடா. அன்னிக்கு எப்படிக் கத்தியிருக்கணுமோ அப்படிக் கத்து. கேட்கணும் எனக்கு."

இளமாறன் பட்டனை அழுத்தினான். சம்சாரத்துக்கு உடம்பு முடியலை என்று தொடங்கினான், அதே குரல். சடையப்பன் கட்டிலை ஒரு அறை அறைந்தான். இன்னொரு தரம் என்றான். வண்டி வேணும், சீக்கிரம் வேணும் என்றான் இளமாறன். நாய்க்குக்கூடக் கேட்காதுடா எருமை என்றான் சடையப்பன். பரதேசி, கல்லுப் பிள்ளையாரே, பொண்டாட்டி செத்துக்கிட்டிருக்காடா என்றான். இளமாறனின் முகம் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. என்னவோ உள்ளே உடைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"பவளம் சாகறாடா! பாவிகளா, வண்டியை அனுப்புங்கடா! ரத்தமாப் போகுதுடா, நாய்களா, எவனாவது வாங்கடா!"

குரல் பிசிறடித்துப் பேட்டைச் சுவரில் மோதித் திரும்பியது. அவன் பட்டனை விட்டான்.  சடையப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

ரேடியோ கொஞ்ச நேரம் இரைந்தது. அப்புறம் ஒரு குரல், சாந்தமாக, காய்ச்சல் விட்டு எழுந்தவன் மாதிரி. "பொன்ராசு பேசுகிறேன். எந்த இடத்தில் இருக்கிறீர்கள்? லோடை இறக்கிப் போட்டுவிட்டு உடனே வருகிறேன்." அது முடிவதற்குள் இன்னொன்று. "பன்னிரண்டாவது வளைவில் இருக்கிறேன். திரும்பி வந்துகொண்டிருக்கிறேன்." இன்னொன்று, இன்னொன்று. பவளம் செத்து ஆறு வருஷமாயிற்றே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மலை முழுக்க இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக, தயவுசெய்து இடத்தைச் சொல்லுங்கள், இதோ வருகிறோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தன.

யாரும் வர வேண்டாம் என்று சொல்ல இளமாறன் மைக்கைத் தூக்கினான். சடையப்பன் எட்டி அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"வரட்டும், மாப்ளே," என்றான்.